சட்டையில் விளைந்த உப்பு

மார்ச் 2, திங்கள்

இந்த டைரி ஆஸ்பத்திரியில் ரெஜினா சிஸ்டர் கொடுத்தது. அட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி பெயர் போட்டிருக்கிறது. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது, அரிப்பு பத்துக்கு எத்தனை என்று இதில் எழுத வேண்டுமாம்.

"எழுதத் தெரியும்லம்மா?" என்றார்.

"அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்" என்றேன். உண்மையில் ஐந்தாம் வகுப்பில் பாதிதான். மீதிப் பாதிக்கு உப்பளத்துக்குப் போய்விட்டேன்.

அரிப்பு: பத்துக்கு ஒன்பது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் பத்துக்கு நாலைத் தாண்டாதவள் இந்தத் தங்கபுஷ்பம். இப்போதுதான் ஒன்பது வாங்குகிறேன், அதுவும் படிக்காமலே.

இரண்டு வருஷமாக உடம்பு முழுக்க அவித்த இறால் போலச் சிவந்து, தோல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் பாயைத் தட்டினால் ஒரு கை அள்ளலாம். உப்பளத்தில் வாருகிறவளுக்கு அரித்தால் யாரானாலும் உப்புச் சொறி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தேங்காய் எண்ணெய், வேப்பிலை, நாலு விதக் களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மகள் சுயம்பு தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு, இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். தோலில் ஒரு துண்டும் கையில் ரத்தமும் எடுத்தார்கள். ரத்தத்தில் இருக்கிற அணுக்களை ஒவ்வொன்றாக வரிசையில் விட்டு லைட் அடித்துப் பார்ப்பார்களாம். கெட்டது மாட்டிக்கொள்ளுமாம். எனக்கு நிறைய மாட்டியது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ரத்தத்தில் குடியிருந்துகொண்டு தோலில் முகத்தைக் காட்டுகிற வகையாம்.

"அப்போ உப்பு இல்லியா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

இரண்டு வருஷமாக உப்பைத் திட்டியிருக்கிறேன். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

டாக்டர் அம்மாவுக்கு சுயம்பைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். காலையில் சாப்பிட்டதும் மாத்திரை போட வேண்டும். அது ரத்தத்தில் கலந்த பிறகு கை நரம்பிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போகும். மெஷின் வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, ஊதா விளக்குக்குக் காட்டி, திரும்ப எனக்கே ஏற்றிவிடும்.

"மருந்து தூங்கிட்டே இருக்கும்மா. வெளிச்சம் பட்டாத்தான் முழிச்சிக்கும். முழிச்சதும் கெட்ட அணுவைப் பிடிக்கும். அடிபட்டு வர்ற அணுவைப் பாத்து, மிச்சத்தை எப்படிப் பிடிக்கறதுன்னு உங்க உடம்பே கத்துக்கும்."

"கெட்டிக்கார மருந்துதான்" என்றேன்.

"ஆனா அது உடம்பு பூராவும் இருக்கும். அதனால இன்னைக்கும் நாளைக்கும், அதுக்கு மறுநாளும் வெயில் மேல படவே கூடாது. கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, குடை. புரியுதா?"

முழுக்கைச் சட்டை எனக்குப் புதிதில்லை. உப்பளத்தில் சேலைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டுதான் எல்லாப் பெண்களும் வாருவோம். அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்திருந்தேன். அவர் போய் எட்டு மாசம் ஆகிறது. சட்டை சும்மாதானே கிடக்கிறது.

மத்தியானம் முழுக்க மெஷின் என் ரத்தத்தை வாங்குவதும் கொடுப்பதுமாக இருந்தது. என்னிடம் வாங்கினதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த முதல் ஆள் அதுதான்.

மார்ச் 4, புதன்

இரண்டாம் நாளும் ஏற்றிக்கொண்டு ஊர் வந்தோம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இப்படி இரண்டு நாள் போக வேண்டும். முத்தையாபுரத்தில் இறங்கும்போது பொழுது அடைந்துவிட்டது. ஆனாலும் சுயம்பு கண்ணாடியைக் கழற்ற விடவில்லை. தெருமுனையில் குடத்தோடு நின்ற இசக்கியம்மா என்னை அடையாளம் தெரியாமல் வழிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு ஒரே பாத்தியில் வாருகிறவள்.

"ஏ யக்கா, நீயா? யாரோ மந்திரி சம்சாரம் வாரான்னுல்லா நெனச்சேன்!"

"மந்திரி சம்சாரம் எந்த ஊர்ல தோலை உதுத்துக்கிட்டு வாரா?"

"அண்ணாச்சி இருந்தா இந்தக் கோலத்தப் பாத்துச் சிரிச்சே செத்திருப்பாவ."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான்தான் சிரித்தேன். அவளுடைய அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் லிங்கதுரைக்கு, எதற்கும் காத்திருக்கத் தெரியாது. இந்தக் கோலம் வருகிறவரைக்கும் கூட இருக்கவில்லை.

அரிப்பு ஒன்பது.

மார்ச் 8, ஞாயிறு

"எம்மா, அப்பா சட்டையக் குடு. ஊற வச்சிருதேன்" என்றாள் சுயம்பு.

"தண்ணி லாரி வரல."

"ரெண்டு குடம் இருக்குல்லா?"

"அது குடிக்கதுக்கு."

"அடிபம்புல அடிச்சுக்கிடுதேன்."

"அது உப்புத் தண்ணி. சட்டை கெட்டுப்போகும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். உப்புத் தண்ணீரில் கெடுவதற்கு அந்தச் சட்டையில் இனி என்ன இருக்கிறது? முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. கக்கத்தில் அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இஸ்திரி போட்ட மாதிரி இருக்குமே என்றுதான்.

மார்ச் 13, வெள்ளி

அரிப்பு ஒன்பது. சோப்பு தீர்ந்துவிட்டது.

மார்ச் 18, புதன்

இரண்டாவது தடவையும் முடிந்தது. "மருந்து எப்ப கேக்கும் டாக்டர்?" என்றேன். மூன்று மாசம் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம், பொறுமை வேண்டும் என்றார். பத்து நாள் பாத்தியில் இறங்காவிட்டால் என் வரிசையில் வேறு ஆள் நிற்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்தபோது இசக்கியம்மா மீன் குழம்பு கொண்டுவந்தாள். மெஷின் கதையை வாயைப் பிளந்து கேட்டாள்.

"எங்க அக்கா மவளுக்குத் தோல்ல வெள்ளை விழுந்ததுல்லா, அவளுக்கும் இப்படித்தான் ஒரு மாத்திரை குடுத்தாவ. ஆனா மெஷினும் இல்ல, மண்ணும் இல்ல. மாத்திரையப் போட்டுட்டுக் காலையில வெயில்ல நில்லுன்னுட்டாவ. நின்னா. இன்னைக்குப் பாரு, கல்யாணம் முடிஞ்சு போயிட்டா."

எனக்குள் ஒரு லைட் எரிந்தது. ஊதா லைட் இல்லை, சொந்த லைட்.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்கு நான் டாக்டர்.

மருந்து உடம்பெல்லாம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் முழிக்கும். அந்த மெஷின் ஒரு பை ரத்தத்துக்குத்தான் வெளிச்சம் காட்டுகிறது. மிச்ச மருந்து முழுக்கத் தூங்கிக்கொண்டே வீணாகப் போகிறது. உப்பளத்துக்காரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டினால் மெஷினா உப்பு எடுக்கிறது? வெயில்தானே எடுக்கிறது. அதே வெயில் என்னை மட்டும் விட்டுவிடுமா?

சுயம்பு ஜவுளிக்கடை வேலைக்குப் போனதும் கிளம்பினேன். எல்லாரும் கிழக்குப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்தார்கள். நான் மேற்கே பம்பு செட் பக்கம் போனேன். அங்கே ஒரு காக்கா கூட இல்லை. அந்த வரப்பில் நின்றேன். வேறு வரப்பு கிடைக்கவில்லையா என்று கேட்டால், அதுதான் பக்கம்.

கண்ணாடியைக் கழற்றினேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன். சட்டையையே கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்றுதான் போனேன். ஆள் நடமாட்டம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம், கழற்றவில்லை.

மேலே ஒரு சூரியன், பாத்தித் தண்ணீரில் ஒரு சூரியன். கண்ணை மூடிக்கொண்டு உச்சிப் பொழுது வரைக்கும் நின்றேன். ரத்தத்துக்குள்ளே மருந்து ஒவ்வொன்றாக எழுந்து சோம்பல் முறிக்கிற மாதிரி இருந்தது. ஆறு மாச வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டேன். டாக்டர் அம்மா அசந்துபோவார்.

மார்ச் 20, வெள்ளி

எழுத முடியவில்லை. கை அப்பளம்.

மார்ச் 23, திங்கள்

டாக்டர் அம்மா அசந்துதான் போனார்.

முகம், கழுத்து, இரண்டு முன்கை, பாதம் எல்லாம் கொப்புளம். கண் திறக்கவில்லை. சனிக்கிழமை சுயம்பு கார் பிடித்து மதுரைக்குத் தூக்கி வந்தாள். டாக்டரிடம் நான்தான் முந்திக்கொண்டு, வெந்நீர் கொட்டிவிட்டது என்றேன்.

அவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கைக்கு மேலே சட்டை சுருட்டியிருந்த இடத்தோடு கொப்புளம் நின்றிருந்தது.

"வெந்நீர் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டா கொட்டுச்சு?"

அதற்குமேல் பொய் சொல்ல ஐந்தாம் வகுப்பில் பாதி பத்தாது. எல்லாவற்றையும் சொன்னேன். இசக்கியம்மாவின் அக்கா மகளுக்கு வெள்ளை விழுந்த கதை வரைக்கும் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அது வேற நோய்ம்மா, வேற அளவு. மெஷின் அளந்து வெளிச்சம் குடுக்குது. சூரியன் அளக்குமா? உங்க தோல் ஏற்கெனவே புண்ணு. இந்தச் சட்டை மட்டும் இல்லேன்னா நெஞ்சு, முதுகு எல்லாம் வெந்திருக்கும். நீங்க இங்க வந்தே சேந்திருக்க மாட்டீங்க."

செத்து எட்டு மாசம் கழித்து அந்த மனிதர் ஒரு உருப்படியான வேலை செய்திருக்கிறார். உயிரோடு இருக்கும்போது ஒரு குடம் தண்ணீர் தூக்க இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

புண் ஆறும்வரை மெஷின் கிடையாது என்றார். ஆறின பிறகும் வெயிலில் நிற்கிற ஆளுக்கு இந்த மருந்தைக் கொடுக்க அவருக்குப் பயமாக இருக்கிறதாம். அதுவரைக்கும் ரத்தத்தில் இருக்கிற கெட்டது சும்மா இருக்காதாம். சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

ரெஜினா சிஸ்டர் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தார். கட்டில் காலில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, நட்டு வெச்சா நிக்கும்போல. எப்பத் துவைச்சது?"

"தண்ணி லாரி ஒழுங்கா வரதில்ல சிஸ்டர்."

"கொப்புளம் உடைஞ்ச உடம்புல இந்த அழுக்கு பட்டா சீழ் வெச்சுரும். துவைச்சாப் போடுங்க. இல்லேன்னா இந்தப் பக்கம் கொண்டுவராதீங்க."

"புதுசு வாங்கிருதேன்" என்றேன்.

சுயம்பு சன்னல் பக்கம் திரும்பி நின்றபடியே சொன்னாள். "அது எங்கப்பா கடைசி நாள் போட்டிருந்த சட்டை சிஸ்டர்."

சிஸ்டர் சட்டையை மெதுவாக மடித்தார். மடிய மாட்டேன் என்றது. ஒரு பையில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு, மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வீட்டில் இருக்கிறேன். சன்னலில் போர்வை தொங்குகிறது. பகலில் வௌவால் மாதிரிக் கிடக்கிறேன், வௌவாலுக்காவது தலைகீழாகத் தொங்கத் தெரியும். கொப்புளம் காய்ந்து பழைய தோலோடு சேர்ந்து உதிர்கிறது. அரிப்பு பத்து. நூற்றுக்கு நூறு வாங்கினவளைப் போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுவார்களே, என்னை யாரும் தேடி வரவில்லை.

இசக்கியம்மா வந்து அழுதாள். "என் வாயாலதான யக்கா இப்படி ஆச்சு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வெயிலு தெருவுலயும்தான அடிக்கி. அந்தக் கடைசி வரப்புக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் நடந்த?"

அடுப்பில் இருந்த குழம்புக்கு உப்புப் போதுமா என்று அவளிடம் கேட்டேன்.

ஏப்ரல் 18, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து போன். புண் ஆறியிருந்தால் செவ்வாய்க்கிழமை வரலாம், டாக்டர் ஒரே ஒரு தடவை நம்பிப் பார்க்கிறாராம். சுயம்பு புதுச் சட்டை வாங்கி வந்தாள். வெள்ளை, முழுக்கை. போட்டுப் பார்த்தேன். கை இருக்கிறது, காலர் இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை.

"நான் போகல" என்றேன்.

"ஏன்?"

"பஸ்ஸு, அலைச்சல். எப்படியும் கேக்கப் போறதில்ல. பொறவு பாப்போம்."

சுயம்பு கையிலிருந்த சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். கடையில் நாள் முழுக்கச் சிரித்துச் சேலை விரிக்கிற பிள்ளை. அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"அப்பாவும் இதத்தான் சொன்னாவ. நெஞ்ச அடைக்குன்னாவ, வாங்க ஆஸ்பத்திரிக்கின்னேன். வாரி முடிச்சிட்டுப் பொறவு பாப்போம்னு போனாவ. நீ சட்டைய மோந்துகிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்க? நாளைக்கு நான் உன் சேலைய மோந்துகிட்டு உக்காரணுமா? சொல்லு. எந்தச் சேலைன்னும் சொல்லிரு, இப்பவே எடுத்து வச்சிக்கிடுதேன்."

சோறு ஆறிப்போனது.

ஏப்ரல் 20, திங்கள்

தண்ணீர் லாரி வந்தது. சோப்பும் வீட்டில் இருந்தது. எல்லாம் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டன.

அவர் போன அன்றைக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று சட்டையைக் கழற்றிப் பம்பு செட் ஆணியில் மாட்டினார். தண்ணீர் கேட்டார். ஒரு நேரமாவது தானாக எடுத்துக் குடித்தால் என்ன என்று முனகிக்கொண்டுதான் போனேன். செம்போடு வந்தபோது அந்த வரப்பில் உட்கார்ந்தபடியே இருந்தார். யாரோ ஒருவர்தான் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தது.

சாயங்காலம் சட்டையைச் சின்னப் பாத்திரத்தில் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றினேன். சோப்புப் போடாமல் அலசினேன். முதல் தண்ணீர் கலங்கலாக வந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். நல்ல கரிப்பு. சின்ன வயதிலிருந்து உப்பிலேயே கிடக்கிறேன். எந்தப் பாத்தி உப்பு என்று நாக்கில் வைத்துச் சொல்வேன் என்று பெருமை அடித்திருக்கிறேன். இதில் எது பாத்தி உப்பு, எது அவர் உப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தத் தண்ணீரைக் கொட்டக் கை வரவில்லை. வேட்டித் துணியில் வடிகட்டித் தாம்பாளத்தில் ஊற்றினேன். அதன் பிறகுதான் சட்டைக்குச் சோப்புப் போட்டேன்.

"இது என்னம்மா கிறுக்கு?" என்றாள் சுயம்பு.

"மொட்டை மாடில வச்சிட்டு வா. நான் வெயில்ல போகக் கூடாது."

எடுத்துக்கொண்டு போனாள். படியில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

புது வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், செவ்வாயும் புதனும் மெஷின் முடிந்தது. துணிக் கொடி தெரிகிற மாதிரி சன்னல் போர்வையில் ஒரு விரல் இடைவெளி விட்டு, கறுப்புக் கண்ணாடியோடு எட்டிப் பார்த்தேன். அவர் சட்டை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

சுயம்பு தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். மூன்று நாளாக இசக்கியம்மாதான் காக்கா விரட்டினாளாம். அடியில் ஒரு சிட்டிகை உப்பு விளைந்திருந்தது. கொஞ்சம் பழுப்பு. தரம் மட்டம்தான். முதலாளி பார்த்தால் வாரிக் கடலில் கொட்டச் சொல்வார். காலியான களிம்பு டப்பாவைக் கழுவித் துடைத்து அதில் வைத்துக்கொண்டேன்.

வெயில் அது பாட்டுக்கு அதன் வேலையைத்தான் செய்கிறது. நான்தான் அதற்கு டாக்டர் உத்தியோகம் கொடுத்துவிட்டேன்.

அரிப்பு ஒன்பது.

மே 6, புதன்

அரிப்பு எட்டு. சிஸ்டர் கையெழுத்தைப் பாராட்டினார். அரிப்பு குறைந்ததற்கா கையெழுத்துக்கா என்று கேட்டதற்குச் சிரித்தார். துவைத்த சட்டையைப் பார்த்தார். காலரை மட்டும் சரிசெய்துவிட்டார்.

மே 21, வியாழன்

நேற்று ராத்திரி தூங்கினேன். இதை எழுதுவதற்காக எழுந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அரிப்பு ஆறு.

ஜூன் 17, புதன்

ரத்தத்தை மறுபடி லைட் அடித்துப் பார்த்தார்கள். கெட்டது பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. இன்னும் பல மாசம் வர வேண்டும், ஆனால் மருந்து கேட்கிறது என்று டாக்டர் அம்மா சொன்னார். "வெயில்ல நிக்கலையே?" என்றும் கேட்டார். நிழலுக்கே குடை பிடிக்கிறேன் என்றேன்.

பொழுது அடைந்து ஊர் வந்து சேர்ந்தோம். இசக்கியம்மா சாளை மீன் வாங்கி வைத்திருந்தாள். நான்தான் குழம்பு வைத்தேன். சுயம்பு குளிக்கப் போனபோது களிம்பு டப்பாவைத் திறந்து, இருந்ததை அப்படியே குழம்பில் தட்டினேன்.

சுயம்பு ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"உப்புக் கரிக்கும்மா."

"உங்கப்பா எப்பவும் ஒரு கல்லு கூடத்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அடுப்பு மேடையில் மூடி திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

அரிப்பு: பத்துக்கு நாலு. என் சொந்த மார்க்குக்கே திரும்பி வந்துவிட்டேன்.